கவுன்சிலிங் ரூமுக்கு வெளியே நடக்கும் சண்டை

சென்னையில் ஒருத்தரை மட்டம் தட்ட வேண்டும் என்றால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்ற ரெண்டு வார்த்தை போதும். அதே ஆட்களிடம், ஒரு மனநல கிளினிக்கில் டாக்டருக்கும் சைக்காலஜிஸ்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை, ரிசப்ஷன் பெண்ணுக்கும் நர்ஸுக்கும் ஆகாது என்று சொல்லிப் பாருங்கள். உடனே சிரிப்பு. "ஊருக்கெல்லாம் கவுன்சிலிங்... இவங்களுக்கு யாரு குடுக்கறது?" அரதப் பழசான ஜோக். (சினிமாவில் மனநல டாக்டருக்கே கடைசியில் மறை கழன்றுவிடுமே, அதே சரக்குதான்.)

இந்த ஜோக்கில் பெரிய சௌகரியம் ஒன்று இருக்கிறது. சண்டை முழுக்க ஆட்களின் குணம் ஆகிவிடும். அந்தம்மாவுக்கு ஈகோ, அவருக்கு முன்கோபம், முடிந்தது கதை. கிளினிக்கை நடத்துகிறவரை யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் மாடியில் இருக்கும் சின்ன கிளினிக் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு ஹால், ரெண்டு தடுப்பறை. தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று வருகிறவர்களுக்கு அந்த மாடிப்படியே ஒரு நிம்மதி. டாக்டர் சாயங்காலம் மட்டும் வருவார், காலையில் அவருக்கு வேறு ஆஸ்பத்திரி. சைக்காலஜிஸ்டுக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஒரு சிட்டிங்குக்கு இவ்வளவு என்று பங்கு. யார் யாரிடம் போக வேண்டும், எத்தனை மணிக்கு என்று டோக்கன் போடுவது ரிசப்ஷனில் இருக்கும் பெண். இருப்பவர்களிலேயே குறைந்த சம்பளம் அவருக்குத்தான். அதிகபட்ச திட்டும் அவருக்குத்தான்.

இப்போது கணக்கைப் போடுங்கள் (காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை). மாத்திரை எழுத பத்து நிமிஷம். பேசி சிகிச்சை கொடுக்க ஐம்பது நிமிஷம். அறை ஒன்று, வாடகை ஒன்று. டாக்டர் அனுப்பினால்தான் சைக்காலஜிஸ்டுக்கு வருமானம். அனுப்பினால் டாக்டரின் நேரத்தில் கை வைத்த மாதிரி. இப்படி ஒரு ஏற்பாட்டில் ரெண்டு புத்தரை உட்கார வைத்தாலும் ஆறு மாதத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அப்புறம் ஆரம்பிக்கும். இந்தப் பக்கம், "மாத்திரையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்க." அந்தப் பக்கம், "சும்மா பேசிப் பேசி என்ன ஆகப்போகுது?" தனித்தனியாகப் பார்த்தால் ரெண்டிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் இவர்கள் ஒருத்தரிடம் ஒருத்தர் சொல்வதில்லையே, நோயாளியிடம் அல்லவா சொல்கிறார்கள்! அவர் ஒரு நாள் குழம்பிப்போய் மாத்திரையை நிறுத்திவிடுவார்.

இந்த ஊரில் இது ஆரம்பத்திலிருந்தே தொழில்தான். 1794-ல் மதராஸில் முதல் மனநல விடுதியைத் திறந்தவர் வாலன்டைன் கனோலி என்ற கம்பெனி சர்ஜன். 16 பேருக்கு இடம். அவர் போனதும் விடுதி அடுத்தடுத்து வேறு சர்ஜன்களின் கைக்கு மாறியது. அதில் ஒருவரான டால்டன் பெயரிலேயே ஊர் அதை அழைத்தது. அரசு விடுதி கீழ்ப்பாக்கத்தில் 145 பேரோடு திறக்கப்பட்டது 1871-ல்தான்.

"எந்த ஆபீஸில் சண்டை இல்லை? பாங்கில் இல்லையா?" என்று ஒரு கேள்வி வரும். பாங்கில் கேஷியரும் அக்கவுண்டன்டும் முறைத்துக்கொண்டால் டிராஃப்ட் அரை மணி தாமதமாகும், அவ்வளவுதான். இங்கே என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் ரெண்டு பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். மேரிலாண்டில் செஸ்ட்நட் லாட்ஜ் என்ற மனநல மருத்துவமனை. ஆல்ஃபிரட் ஸ்டான்டன் மனநல மருத்துவர், மாரிஸ் ஷ்வார்ட்ஸ் சமூகவியலாளர். (பின்னாளில் 'டியூஸ்டேஸ் வித் மாரி' புத்தகத்தில் வரும் அதே மாரிதான்.) 1954-ல் இவர்கள் எழுதிய புத்தகத்தில் ஒரு விஷயம் வருகிறது. ஒரு நோயாளி திடீரென்று கட்டுக்கடங்காமல் கொந்தளித்தால், பல நேரம் அவர் விஷயத்தில் ரெண்டு ஊழியர்கள் வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் முரண்பட்டிருந்தார்கள். அந்த ரெண்டு பேரும் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசியதும் நோயாளி அடங்கினார். அவருக்கு மருந்து மாற்றவில்லை, பேசியது ஊழியர்கள்.

ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அப்பாவும் அம்மாவும் பேசாத வீட்டில், முகத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைப் படித்து வளர்ந்த எத்தனை பேர் அந்த ஹாலில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்களுக்குத் தெரியாமலா டாக்டரும் சைக்காலஜிஸ்டும் சண்டை போட முடியும்?

இங்கிலாந்தில் காசல் மருத்துவமனையின் டாம் மெயின் 1957-ல் எழுதிய கட்டுரை இன்னும் சுருக்கென்று குத்தும். நர்ஸுகளோடு உட்கார்ந்து பேசியதில் அவருக்குத் தெரிந்தது: தூக்க மருந்து கொடுக்கப்பட்டதெல்லாம் அந்த நர்ஸால் அதற்கு மேல் தாங்க முடியாத கட்டத்தில். ஊசி நோயாளிக்கு, வலி நர்ஸுக்கு. அதைச் சொல்ல அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. இங்கே எந்த நர்ஸ் யாரிடம் போய்ச் சொல்வார்? சொன்னால் அடுத்த மாதம் வேலை இருக்குமா?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-ம் பிரிவுப்படி, ஒருவரை அவர் சார்பில் இன்னொருவர் விண்ணப்பித்து உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமானால், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். தனித்தனியாக! முதல் டாக்டர்தான் முதலாளி, ரெண்டாவது ஆளின் பங்கை நிர்ணயிப்பதே அவர் என்றால் அது என்ன தனி? 23-ம் பிரிவு நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. ஆனால் கோஷ்டிச் சண்டையில் முதலில் வெளியே வருவதே, "அந்த கேஸை அவ சொதப்பினா தெரியுமா" என்ற பேச்சுதான்.

சண்டை மட்டுமல்ல, நெருக்கமும் இப்படித்தான். சீனியருக்கும் ஜூனியருக்கும் பழக்கம், அது முறிந்தால் கிளினிக்கை விட்டுப் போவது ஜூனியர். அது தொல்லையாக மாறினால் 2013-ம் வருடச் சட்டப்படி உள்புகார்க் குழு வேண்டும், ஆனால் பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் அந்தக் குழு கிடையாது. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அப்படி ஒன்று இருப்பதை எந்த மாடி கிளினிக்கின் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எல்லோருக்கும் நிலையான மாதச் சம்பளம். வாரத்தில் ஒரு மணி நேரம், ரிசப்ஷன் பெண்ணையும் சேர்த்து எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, எந்த நோயாளி விஷயத்தில் யாருக்கு ஒப்புதல் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வது. இதற்கு முதலாளியின் பதில் தயாராக இருக்கும்: அந்த ஒரு மணி நேரத்தில் ஆறு பேஷண்ட் பார்த்துவிடலாமே!