ஆச்சியின் செப்புக்காசு

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் மாணவன் ஒருவன் சென்ற ஞாயிறன்று வெள்ளவத்தையிலுள்ள என் இல்லத்துக்கு வந்திருந்தான். பழங்காசு சேர்ப்பதிற் பெரும் பிரியமுள்ளவன். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த செப்புக்காசு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒரு புறம் நின்ற கோலத்தில் ஓர் உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே "சேது" என்ற தமிழ்ச் சொல்.

அயல்வீட்டு ஆச்சி ஒருவர் பழைய தகரப் பெட்டியொன்றைப் போத்தல் கடதாசி வாங்குபவரிடம் கொடுக்க இருந்தாராம். இவன் இடையிற் புகுந்து, அதிற் கிடந்த பன்னிரண்டு காசுகளையும் இருநூறு ரூபாவுக்கு வாங்கிவிட்டான்.

"பொய் ஒன்றும் சொல்லவில்லை, சேர். ஆச்சி கேட்ட விலையைத்தான் கொடுத்தேன். ஆனால் இரண்டு நாளாக மனம் சரியில்லை" என்றான்.

"ஆச்சி உன்னிடம் ஏதாவது கேட்டாரா?"

சிறிது தயங்கினான். "'இது ஏதும் பெறுமதியானதோ தம்பி?' என்று கேட்டார். நான் பேசாமல் இருந்துவிட்டேன்."

வியாபாரியிடம் வாங்குவது வேறு. காசு விற்பதையே தொழிலாகக் கொண்டவர் தம் சரக்கை அறிந்திருக்கக் கடமைப்பட்டவர். அவர் கவனியாது விட்டதை நாம் நம் படிப்பினாற் கண்டுகொண்டால், அந்த இலாபம் நமக்குரியது என்றே கூறுவேன். போலியென்று அறிந்து விற்பவர் குற்றவாளியே. எனினும் விளிம்பில் வார்ப்பின் கோடும் மேனியில் நுண்ணிய குமிழ்க்குழிகளும் உண்டா என்று பாராமல் வாங்கியவன், பின்னர் அந்தப் போலியை வேறொருவர் தலையிற் கட்டினால் அவனும் அவரோடு சேர்ந்தவனே.

ஆச்சி வியாபாரி அல்லர், நம்பிக் கேட்டவர். அங்கே மௌனமும் ஒரு விடைதான். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் பட்டினப்பாலை, கொடுக்கும்போது குறைத்துக் கொடாமையை மட்டுமன்றி, கொள்ளும்போது மிகுத்துக் கொள்ளாமையையும் சொல்கிறது. வகுப்பில் அந்தப் பாதியை நான் விரைந்து கடந்துவிடுவது வழக்கம்.

"பெட்டி எந்த ஊரிலிருந்து வந்தது?" என்றேன். அதை அவன் கேட்கவே இல்லை.

சேதுக் காசுகளை முன்பு இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று எண்ணியோர் உண்டு. அவை யாழ்ப்பாணத்தில் மிகுதியாகக் கிடைத்தமையும், கேகாலைப் பகுதியிலுள்ள கொட்டகமக் கல்வெட்டில் "சேது" என்ற சொல் இருந்தமையும், அவற்றை ஆரியச்சக்கரவர்த்திகளுடையவை எனத் துணிய உதவின. ஊர் தெரியாத காசு பாதி ஊமை. சட்டமும் இதிற் குறுக்கிடுகிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்ட காசு புதிதாக மண்ணிலிருந்து எடுக்கப்பட்டதாயின் அரசுக்கு உரியது. அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்பவும் கூடாது. வீட்டிற் பரம்பரையாக இருந்ததா, கிணறு வெட்டும்போது வந்ததா என்று கேளாமல் வாங்குபவன் எதற்குக் கை நீட்டுகிறான் என்பதை அவனே அறியான்.

"ஆச்சியிடம் போய்க் காசின் கதையைச் சொல். பிறகு அவர் விலை சொல்லட்டும்" என்றேன்.

இப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்ற கேள்வியும் எழுந்தது. கல்லூரி நாட்களில், புறக்கோட்டை நடைபாதையில் வீட்டுத் தட்டுமுட்டுகளை விரித்து விற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், இதே மௌனத்தைக் காட்டி வாங்கிய வெள்ளி லாரின் ஒன்று, தூண்டில் முள்போல் வளைந்தது, இன்றும் என் மேசை இழுப்பறையிற் கிடக்கிறது. சில மாதங்கள் கழித்து அவரைத் தேடிப் போனபோது அவ்விடத்தில் வேறொருவர் செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மாணவன் மீண்டும் வந்தான். கதையைக் கேட்ட ஆச்சி, அந்தக் காசு கோப்பாயில் தம் அம்மம்மாவின் திருநீற்றுப் பெட்டிக்குள் கிடந்தது என்றாராம். கணக்குப் பார்த்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அந்த ஒன்றை மட்டும் சுவாமி அறைக்கென வாங்கிக்கொண்டாராம். மற்றப் பதினொன்றும் இவனுக்கே.

"நிறையும் அளவும் எழுதிக்கொண்டேன், சேர். ஊரின் பெயரையும்" என்றான். முகத்தில் ஏமாற்றம் இல்லாமல் இல்லை.