பாறைக்குள் போகும் மணலும் நெஞ்சுக்குள் போகும் மணலும்

ஆகாத காரியத்தைக் கல்லில் நார் உரிப்பது என்பர். அமெரிக்க எண்ணெய்ப் பொறியாளர்களோ கல்லிலிருந்து எரிவாயுவையே உரித்துவிட்டனர்!

சேறு இறுகி உண்டான பாறை ஷேல். அதனுள் அடைபட்ட வாயு எளிதில் வெளிவராது. கிணறு தோண்டி, நீரும் மணலும் வேதிப்பொருள்களும் கலந்து பேரழுத்தத்தில் செலுத்துவர், பாறை பிளக்கும், பிளவு மூடிக்கொள்ளாதபடி மணல் முட்டுக் கொடுத்து நிற்கும். டெக்சாஸ் மாநிலத்தின் பார்னெட் ஷேலில் 1981 முதல் முயன்று, 1990களின் கடைசியில் இம்முறையில் வெற்றி கண்டது ஜார்ஜ் மிட்செலின் கம்பெனி. 2002இல் அது கைமாறியபோது கிடைத்த விலை 300 கோடி டாலருக்கும் மேல்!

மிட்செலின் விடாமுயற்சியை நாம் மறுக்கவில்லை. ஆனால், அவர் ஒருவரின் உழைப்பா அது? ஷேல் ஆராய்ச்சிக்கு 1970களிலேயே அமெரிக்க அரசு மக்கள் வரிப்பணத்தைச் செலவிட்டது. 1980இல் வரிச்சலுகையும் தந்தது. பிளவு எத்திசையில் ஓடும், மணல் எவ்வளவு தூரம் செல்லும் என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றோர் பலர். அறிவு வளர்ந்தது, ஆதாயமும் வளர்ந்தது.

மணலைக் கொட்டும் தொழிலாளிக்கு வளர்ந்தது என்ன?

அந்த மணலின் நுண்தூசி சிலிக்கா. சுவாசத்தோடு உட்சென்றால் நுரையீரலைத் தழும்பாக்கும்; சிலிகோசிஸ் நோய் வரும்; அதைக் குணமாக்கும் மருந்து இல்லை. வாணிப முறையில் இத்தொழில் தொடங்கிய ஆண்டு 1949. தூசி பற்றி அமெரிக்க அரசு அலுவலகங்கள் எச்சரித்த ஆண்டு 2012! ஐந்து மாநிலங்களில், 11 இடங்களில், தொழிலாளர் சுவாசித்த காற்றை 116 முறை அளந்தனர். அவற்றில் 47 விழுக்காடு சட்ட வரம்பைத் தாண்டி நின்றது.

2016இல் கடுமையான விதி வந்தது. எழும் இடத்திலேயே தூசியை அடக்கும் ஏற்பாடுகளைச் செய்ய மற்ற ஆலைகளுக்கு 2018 வரை கெடு. பாறை பிளக்கும் கம்பெனிகளுக்கோ 2021 வரை! கம்பெனிக்கு மூன்றாண்டு அவகாசம் கிடைத்தது. நுரையீரல் யாரிடம் அவகாசம் கேட்கும்?

தோழர்களே, ஆராய்ச்சி நமக்குப் பகையன்று. அறிவாளிகள் நமக்கு அயலாரும் அல்லர். மணல் செல்லும் வழியை மூடுவது, தூசியை உறிஞ்சி எடுப்பது, நீர் தெளிப்பது ஆகிய வழிகளைக் கண்டதும் அறிவுதான். நாம் கேட்பது இதுவே: மக்கள் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி, பாறைக்குள் போகும் மணலை எண்ணும் அதே கவனத்தோடு தொழிலாளியின் நெஞ்சுக்குள் போகும் மணலையும் எண்ண வேண்டும். எண்ணிய பிறகே இயந்திரம் ஓட வேண்டும்; எண்ணும்போது தொழிலாளியும் அருகிருக்க வேண்டும்.

பாறையைப் பிளக்கத் தெரிந்த அறிவுக்குத் தூசியை அடக்கவும் தெரியும். அடக்கச் சொல்லும் வலிமை தொழிலாளர் ஒற்றுமைக்கே உண்டு!