பொது மருத்துவம் வீண் சுமையோ?

நம் நாட்டில் இருதய வைத்திய நிபுணராக விழையும் மாணாக்கர் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். பயிற்சியில் 5½ ஆண்டும், பொது மருத்துவ எம்.டி. வகுப்பில் 3 ஆண்டும் கழித்த பின்னரே, 3 ஆண்டு டி.எம். வகுப்பை எய்துகின்றனர். இடைப்பட்ட மூன்றாண்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கழிக்கவேண்டிய சிறைவாசமென்பர் சிலர். இரவுபகலாய் உழைக்கும் அவர்தம் சோர்வு மெய்யே. அதனை எள்ளுதல் தகாது.

ஆயினும், நோயாளி உறுப்புறுப்பாகப் பிரிந்து வருவதில்லை. படபடப்பென்று வருவோனது இருதயத் துடிப்பு தாறுமாறாதற்குத் தைராய்டுச் சுரப்பியின் மிகையே காரணமாகலாம். நீரிழிவுடையோர்க்கு மார்புவலியின்றியே மாரடைப்பு நேர்வதுமுண்டு. இவற்றைக் கண்டறியக் கற்பிப்பது பொது வார்டே.

ஆதலின், மாணாக்கர் அதனைத் தாண்டவேண்டிய வாயிற்படியென்னாது, அஸ்திவாரமெனக் கொள்வாராக. ஆசிரியரும் அவர்தம் காலத்தை எழுத்துவேலையிலும் ஏவல்வேலையிலும் போக்காது, நோயாளியின் படுக்கையருகே நின்று போதிப்பாராக.