ஓக்லாந்து நகரசபையின் பிராயச்சித்தம்

அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தைச் சேர்ந்த ஓக்லாந்து நகரசபை போலீஸ் விஷயமாகச் செய்த ஏற்பாட்டையும், கஞ்சா லைசென்ஸ் விஷயமாகச் செய்த தீர்மானத்தையும் வெவ்வேறு சங்கதிகளாகப் பேசுவோர் உண்டு. நமக்கு அவை ஒரே கணக்கைச் சேர்ந்தனவாகவே தோன்றுகின்றன.

2000-ம் வருஷத்தில் அந்நகரப் போலீஸார் சிலர் ஏழைகள் வசிக்கும் பகுதியில் ஜனங்களை அடித்ததாகவும், போதைப் பொருளைத் தாங்களே வைத்து வழக்கு ஜோடித்ததாகவும் புகார் கிளம்பிற்று. 119 பேர் தொடுத்த வழக்கில் நகரம் 2003-ல் 1 கோடியே 9 லட்சம் டாலர் கொடுத்து ராஜி செய்துகொண்டது. போலீஸ் இலாகாவும் சமஷ்டிக் கோர்ட்டின் மேற்பார்வைக்கு உட்பட்டது. ஐந்து வருஷத்தில் தீருமென்று நினைத்த அந்த மேற்பார்வை இருபது வருஷத்திலும் தீரவில்லை.

2016-ல் நகரசபை ஜனங்களின் வாக்குக்கு விட்ட திட்டத்தின்படி, நகரவாசிகளையே அங்கத்தினராகக் கொண்ட போலீஸ் கமிஷன் ஏற்பட்டது. இதனால் போலீஸாரின் கை கட்டப்படும் என்று அங்கலாய்ப்பவர்களை நாம் ஒன்று கேட்கிறோம்: அடித்த கையே விசாரணை அறிக்கையையும் எழுதினால் பிரஜைக்கு நியாயம் ஏது? கமிஷன் பெயரளவில் நிற்கவில்லை. 2020 பிப்ரவரியில் மேயருடன் சேர்ந்து போலீஸ் தலைவரையே நீக்கிற்று. அவ்வருஷ நவம்பரில் தனி வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையையும் ஓட்டர்கள் அதற்கு அளித்தார்கள். வக்கீல் தொழிலை அறிந்த நாம் இதை அற்ப விஷயமாகக் கருதமாட்டோம்.

இனிக் கஞ்சா. வைத்தியர் சிபார்சின்மேல் நோயாளிகள் அதை உபயோகிக்கலாமென்று கலிபோர்னியா ஜனங்கள் 1996-ல் தீர்ப்பளித்தார்கள். 2004-ல் ஓக்லாந்து நகரசபை நான்கு கடைகளுக்கு மட்டும் லைசென்ஸ் என்று வரையறுத்தது. கடைக்காரருக்கு லைசென்ஸ் கிடைத்தது. தெருவில் நின்றவனுக்கு விலங்கு கிடைத்தது. 2015-ல் கஞ்சாக் குற்றத்திற்காகக் கைதானவர்களில் நூற்றுக்கு 77 பேர் கறுப்பர். ஜனத்தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு 30 பேர் அளவே.

ஆகவே 2017-ல் நகரசபை புது விதி செய்தது. முதற்கட்ட லைசென்ஸுகளில் பாதி, அந்நகரில் கஞ்சாக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற, அல்லது கைதுகள் மிகுந்த போலீஸ் சரகங்களில் நெடுங்காலம் வசித்த, குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. நிறத்தைச் சொல்லாமல் சரகத்தைச் சொன்னது சட்ட நுட்பம். கருத்து யாருக்கும் விளங்கும். தண்டனைச் சீட்டே லைசென்ஸுக்கு யோக்கியதையா என்று பரிகசிப்போரும் இருக்கலாம். அநியாயம் செய்த சட்டம் அநியாயம் அடைந்தவனை முதலில் அழைப்பதில் பரிகசிக்க என்ன இருக்கிறது?

நமது குறை வேறு. கடை வைக்க முதல் வேண்டும். நகரசபை வட்டியில்லாக் கடன் அளிக்க முன்வந்தது மெய்தான். இலவசமாக இடம் கொடுக்கும் தனவந்தருக்கு லைசென்ஸில் முன்னுரிமையும் அளித்தது. இடம் கொடுப்பவர் நாளடைவில் எஜமானராகி, ஏழையின் பெயர் பலகையில் மட்டும் தொங்கும்படி ஆகலாம். ஒவ்வொரு லைசென்ஸிலும் லாபம் யார் கைக்குப் போகிறதென்று நகரசபை வருஷந்தோறும் கணக்குக் கேட்டு, அதைப் பகிரங்கமாகப் பிரசுரிக்க வேண்டும்.