சந்தா புத்தகம் இருக்கிறது, வருகைப் பதிவேடு எங்கே?

பதிவு கொஞ்சம் நீளம். சிலருக்குக் கோபம் வரலாம். கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

முப்பத்துநாலு வருஷம் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தவள் நான். காலையில் மணி அடித்ததும் முதலில் செய்கிற வேலை வருகைப் பதிவேட்டைத் திறப்பது. பாடம் அதற்குப் பிறகுதான். ஒரு பிள்ளை மூன்று நாள் சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்போம். பதில் சரியில்லை என்றால் சாயங்காலம் நாங்களே அந்த வீட்டுக்குப் போவோம். காய்ச்சலா, தீப்பெட்டி ஒட்டப் போய்விட்டதா, குடும்பமே ஊரைவிட்டுப் போய்விட்டதா என்று தெரிந்துகொண்டுதான் திரும்புவோம். ஐம்பது அறுபது பிள்ளைகள் இருந்த வகுப்பிலும் இதைச் செய்தோம். இதற்காக யாரும் எங்களுக்குச் சால்வை போர்த்தவில்லை. அது எங்கள் வேலை.

இப்போது நம் சபைகளுக்கு வருவோம். சந்தா புத்தகம் உண்டு. யார் எத்தனை மாதம் பாக்கி என்று பைசா சுத்தமாக எழுதியிருக்கும். கட்டட நிதி நோட்டு உண்டு. அசனத்துக்கு யார் எத்தனை கிலோ அரிசி கொடுத்தார்கள் என்ற கணக்கு உண்டு. வாக்காளர் பட்டியல் உண்டு, அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் வழக்கு வரைக்கும் போகிறோம். ஆனால் நாலு ஞாயிறாகக் கோயிலுக்கு வராத எழுபத்தெட்டு வயது அம்மாவின் பெயர் எந்த நோட்டில் இருக்கிறது? எந்த நோட்டிலும் இல்லை. அவர் வராததைக் கவனிப்பது யாருடைய வேலையும் இல்லை.

சபைத் தேர்தல் வந்தால் பாருங்கள். காலை ஏழு மணிக்கே வாசலில் ஆட்டோ. "ஆச்சி, நல்லா இருக்கியளா? நம்ம அணியை மறந்துராதிய" என்று கைத்தாங்கலாக ஏற்றி, கைத்தாங்கலாக இறக்கி, ஓட்டுப் போட வைத்து, வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஆச்சி கோயிலுக்கு வர ஆட்டோ இல்லை. ஓட்டுக்கு வண்டி உண்டு, திருவிருந்துக்கு வண்டி இல்லை. அப்படியானால் வண்டிக்குப் பணம் இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள். பணம் இருக்கிறது. எதற்காக என்பதுதான் கேள்வி.

வருஷத்தில் ஒரு நாள் முதியோர் ஞாயிறு கொண்டாடுகிறோம். சால்வை, ஒரு சில்வர் டம்ளர் அல்லது பிளாஸ்டிக் டப்பா, குரூப் போட்டோ. "நீங்கள் எங்கள் சபையின் தூண்கள்" என்று பேச்சு. மத்தியானம் பிரியாணி. அதோடு அடுத்த வருஷம்தான். என் வீட்டுப் பீரோவில் மூன்று சால்வை இருக்கிறது. சால்வை போர்த்திய கை ஒன்றாவது இடைப்பட்ட நாளில் என் கதவைத் தட்டியிருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, நாற்பது வருஷம் பாடகர் குழுவில் பாடியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. பதினொரு வாரம் கோயிலுக்கு வரவில்லை. மகன் தோகாவில், மகள் பெங்களூரில். அந்தப் பதினொரு வாரத்தில் சபையிலிருந்து அவர் வீட்டுக்கு வந்தது அறுப்பின் பண்டிகைக் காணிக்கைக் கவர் மட்டும்தான். கொண்டுவந்த தம்பி கேட்டில் சொருகிவிட்டுப் போய்விட்டான். அவனைக் குறை சொல்லமாட்டேன். கவர் கொடுத்துவிட்டு வா என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆளைப் பார்த்துவிட்டு வா என்று சொல்லவில்லை.

வேதத்தில் இதற்கு வழி இல்லையா? நன்றாகவே இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை எடுங்கள். ஆதித் திருச்சபையில் எழுந்த முதல் முறுமுறுப்புகளில் ஒன்று, தினசரிப் பங்கீட்டில் சில விதவைகள் விட்டுப்போகிறார்கள் என்பது. அப்போஸ்தலர்கள் "விதவைகளை மதியுங்கள்" என்று ஒரு பிரசங்கம் செய்து முடித்துவிடவில்லை. இந்த வேலைக்கென்றே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, கை வைத்து ஜெபித்து, பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஸ்தேவான் அதில் ஒருவர்.

1 தீமோத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் பவுல் அறுபது வயதுக்குக் குறையாத விதவைகளின் பட்டியலைப் பற்றிப் பேசுகிறார். பாருங்கள், பட்டியல்! ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முன்னே கம்ப்யூட்டரும் வாட்ஸ்அப்பும் இல்லாத சபைக்கு வயதானவர்களின் பதிவேடு இருந்தது. நமக்கு இல்லை.

"பிள்ளைகள் அல்லவா பார்க்க வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், பார்க்க வேண்டும். அதே அதிகாரத்தில் பவுலும் அதைக் கடுமையாகவே சொல்கிறார். நாட்டிலும் 2007-இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பார்க்காத பிள்ளைகள்மேல் பெற்றோர் மனு கொடுக்கலாம். ஆனால் தோகாவில் இருக்கிற மகன் பணம் அனுப்பலாம், மருந்து அனுப்பலாம், வீடியோ காலில் பேசலாம். ஞாயிறு காலை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பாமாலைப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்துக் கொடுக்க அவனால் முடியாது. சோறும் மருந்தும் பிள்ளைகளின் கடமை. ஐக்கியம் சபையின் கடமை. ஒன்றைக் காட்டி இன்னொன்றிலிருந்து தப்பிக்கக் கூடாது.

"வாலிபர்தான் சபையின் எதிர்காலம்" என்பது அடுத்த பதில். வாலிபர் ஐக்கியத்துக்கு நான் எதிரி இல்லை. விடுமுறை வேதாகமப் பள்ளியில் எத்தனையோ வருஷம் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். இப்போது இன்னும் கூடியிருக்கிறது. தென் மாவட்டக் கிராமத்துச் சபைகளில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் சென்னை, கோயம்புத்தூர், வளைகுடா என்று போய்விட்டார்கள். கிறிஸ்மஸுக்கும் அசனத்துக்கும் வந்து போகிறார்கள். மற்ற ஞாயிறுகளில் பெஞ்சில் இருப்பது நரைத்த தலைகள்தான். அவர்களே அந்தச் சபையின் நிகழ்காலம்.

"ஐயரவாள் ஒருத்தர், சபைகள் எட்டு, அவர் எத்தனை வீட்டுக்குப் போவார்?" இது நியாயமான கேள்வி. அவர் ஒருத்தரே போக வேண்டும் என்று யார் சொன்னது? அப்போஸ்தலர்களும் தாங்களே எல்லாம் செய்யவில்லையே.

சரி, தட்டுத்தடுமாறி ஆராதனைக்கு வருகிறவர்கள் கதை என்ன? வாசலில் ஆறு படி, பிடித்து ஏறக் கம்பி இல்லை. லட்சக்கணக்கில் செலவழித்து எல்.இ.டி. திரை வைத்தோம், சாய்தளம் கட்ட சிமெண்ட் இல்லை. பெண்களுக்கு மேற்கத்திய கழிப்பறை இல்லாத கோயில் எத்தனை? பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிற அம்மாமார் ஞாயிறு காலையில் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறார்கள். ஏன் என்று பொருளாளர்கள் யோசித்துப் பாருங்கள். காது மிஷின் போட்டவர்களுக்கு டிரம்ஸ் சத்தம் தலையில் சுத்தியல் அடிப்பதுபோல் இருக்கிறது. சத்தம் கூடக்கூட வார்த்தை புரியாது. ஆறு வயதில் மனப்பாடம் செய்த ஞானப்பாட்டுகள் போய், நேற்று யூடியூபில் வந்த பாட்டு திரையில் ஓடுகிறது. புதுப்பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு ஆராதனையிலும் பழைய பாமாலை ஒன்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கொரோனாவுக்குப் பிறகு இன்னொரு சாக்கு கிடைத்தது. "வர முடியாதவங்க லைவ்ல பாத்துக்கிடுங்க." 2020-இல் அது வரப்பிரசாதம், மறுக்கவில்லை. இப்போது அது கதவைச் சாத்துவதற்கு வசதியான முறை ஆகிவிட்டது. நாம் அவர்களைப் பார்க்காமலே அவர்கள் நம்மைப் பார்க்கலாம் என்ற ஏற்பாடு. திருவிருந்து போனில் வராது. சமாதானம் சொல்லிக் கைகுலுக்குவது போனில் வராது.

ஆவிக்குரிய காரியத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். எண்பது வயதுக்காரருக்கு மனதில் இருக்கிற கேள்விகள் வேறு. வீட்டுக்காரர் போய்விட்டார், நான் ஏன் இன்னும் இருக்கிறேன்? பத்து வருஷமாகப் பேசாத தம்பியோடு எப்படி ஒப்புரவாவது? சாகும்போது பயமாக இருக்குமா? இதையெல்லாம் கேட்க ஆள் வேண்டும். வருகிறவர்கள் ஏழு நிமிஷத்தில் ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், ஒரு போட்டோ என்று முடித்து, "முதியோரைச் சந்தித்தபோது" என்று குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். ஜெபம் என்றால் சுகத்துக்கான ஜெபம் மட்டும். தேய்ந்த மூட்டு ஜெபித்த பிறகும் வலித்தால், விசுவாசம் போதவில்லை என்று சொல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. வலியோடு இருக்கிறவர் மனதில் குற்றவுணர்ச்சியையும் ஏற்றிவைப்பது ஊழியமா?

நினைவு தப்பியவர்களை நாம் எண்ணுவதே இல்லை. "அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று விட்டுவிடுகிறோம். பிள்ளையின் பெயரை மறந்தவர் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினால் கூடவே சொல்வார். பழைய பாட்டை எடுத்துக் கொடுத்தால் அடியைத் தொடர்வார். அந்த வீட்டில் ஒரு பாட்டுப் பாடுவதற்கு நேரம் இல்லாத சபை, வேறு எதற்கு நேரம் வைத்திருக்கிறது?

குறை மட்டும் சொன்னால் போதாது. கட்டடம் கட்டாமல், வசூல் எடுக்காமல் அடுத்த மாதமே செய்யக்கூடியவை இவை.

1. வருகைப் பதிவேடு. அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள், தனியாக இருக்கிறவர்கள் பெயர், தெரு, பிள்ளைகளின் போன் நம்பர். பகுதிக்கு ஒரு பொறுப்பாளர். இரண்டு ஞாயிறு தொடர்ந்து வரவில்லையென்றால் செவ்வாய்க்கிழமைக்குள் ஒருவர் நேரில் போக வேண்டும். மாதாந்தரக் கமிட்டியில் சந்தா பாக்கியை வாசிப்பதுபோல் இதையும் வாசிக்க வேண்டும்.

2. வண்டி. காலியாக வருகிற கார்கள் எத்தனை! தெருவுக்கு ஒரு கார் என்று பிரித்தால் போதும். தேர்தலுக்கு அட்டவணை போடத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டம் இல்லை.

3. வர முடியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை வீட்டில் திருவிருந்து. அவரோடு சேர்ந்து எடுக்க இரண்டு சபையாரும் போக வேண்டும். அப்போதுதான் அது ஐக்கியம்.

4. கிழமை நாட்களில் பூட்டிக்கிடக்கிற சபை மண்டபத்தை வாரம் ஒரு நாள் திறந்து வையுங்கள். தேநீர், செய்தித்தாள், பேச்சு. ஓய்வுபெற்ற நர்ஸ்கள் நம்மிடம் நிறைய, பிரஷர் பார்க்கட்டும். வாலிபர்கள் வந்து போன் பழக்கட்டும், "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுகிற மோசடிக்காரர்களைப் பற்றிச் சொல்லட்டும், ஓய்வூதிய நேர்காணலுக்குக் கூட்டிப்போகட்டும். மத்திய அரசின் முதியோர் உதவி எண் 14567 என்பதைச் சுவரில் எழுதிப்போடுங்கள்.

5. வேலை கொடுங்கள். இதுதான் முக்கியம். எங்களுக்குப் பரிதாபம் வேண்டாம், பொறுப்பு வேண்டும். திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு தாத்தா அல்லது பாட்டியைத் துணையாக வையுங்கள். ஓய்வுநாள் பாடசாலையில் கதை சொல்லக் கூப்பிடுங்கள். படுத்த படுக்கையில் இருப்பவரிடமும் பத்துப் பெயர் கொண்ட ஜெபப் பட்டியலைக் கொடுக்கலாம். மேலே சொன்ன பதிவேட்டையே எங்களிடம் கொடுங்கள், நாங்கள் பராமரிக்கிறோம். பதிவேடு எழுதியே வாழ்ந்த ஓய்வுபெற்ற வாத்தியார்கள் ஒவ்வொரு சபையிலும் நாலு பேர் சும்மா இருக்கிறோம்.

குழந்தை இயேசுவை ஆலயத்தில் அடையாளம் கண்டுகொண்டவர்கள் யார்? வயது சென்ற சிமியோனும், எண்பத்துநாலு வயது விதவை அன்னாளும். அன்னாள் கேட்டில் கவர் சொருகப்பட்ட ஆள் இல்லை. ஆலயத்திலேயே இருந்தவர், வந்தவர்களுக்கெல்லாம் செய்தி சொன்னவர். பிடியரிசி எடுத்துவைத்து மிஷனெரிகளைத் தாங்கிய நம் பாட்டிமாரும் அந்த வரிசைதான். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது நம் மக்களின் பணத்தில், நம் மக்களின் ஆட்களைக் கொண்டு. தூரதேசத்துக்கு ஆள் அனுப்பிய சபைகளுக்கு, அடுத்த தெருவுக்கு ஒரு ஆள் அனுப்ப முடியாதா?

கமிட்டி உறுப்பினர்களே, இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். போன மாதம் கோயிலில் நீங்கள் பார்க்காத வயதானவர்களின் பெயர்களை ஞாபகத்திலிருந்து எழுதுங்கள். ஒரு பெயரும் ஞாபகம் வரவில்லையென்றால், உங்கள் சபையில் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை.

உங்கள் சபையில் இப்படி ஏதாவது நடக்கிறதென்றால் கமெண்டில் எழுதுங்கள், மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும். "ஆமென்" மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம். போட நினைக்கிறவர்கள் அந்த நேரத்தில் ஒரு பெரியவருக்கு போன் போடுங்கள்.