வாட்ஸ்அப்பில் வந்த காதுகுத்துப் பத்திரிகை

கேள்வி: திருப்பூரில் இருக்கும் என் நாத்தனார், தன் இரண்டு பிள்ளைகளுக்கும் காதுகுத்து வைத்திருக்கிறார். பத்திரிகையைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதோடு சரி. "ஊருக்கெல்லாம் போட்டதைத்தானே எனக்கும் போட்டிருக்கா? வெத்தலை பாக்கு வெச்சா கூப்பிட்டா?" என்று என் வீட்டுக்காரர் வர மறுக்கிறார். தாய்மாமன் இல்லாமல் காதுகுத்தா? இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது.
- வாசகி, மயிலாடும்பாறை

பதில்: அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முதலில் அதை அவரிடமே சொல்லிவிடுங்கள். உங்கள் தேனிப் பக்கம் தாய்மாமன் விருந்தாளி இல்லை, பிள்ளையை மடியில் உட்கார வைக்கிறவர். குரூப்பில் போடுவது அறிவிப்பு. அது அழைப்பு ஆகாது. முறை செய்ய வேண்டியவர்களுக்கு முதலில் குரல் போக வேண்டும், படம் பிறகு போகலாம்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். கிரகப்பிரவேசப் பத்திரிகையைப் பெரியப்பாவுக்குப் போனில் அனுப்பினேன். நீல டிக் விழுந்ததும் சொல்லியாகிவிட்டது என்று இருந்துவிட்டேன். அவர் வரவில்லை. கேட்டதற்கு, "பார்த்தேன்ப்பா" என்றார். அவ்வளவுதான்.

இப்படி நடைமுறை சொல்கிறவர்களுக்கெல்லாம் நம் ஊரில் முன்னோடி, 100 பாட்டில் 'ஆசாரக்கோவை' எழுதிய பெருவாயின் முள்ளியார். விருந்தினர், பெரியவர், பிள்ளைகள், பசு, பறவை எல்லாம் சாப்பிட்ட பிறகே நாம் சாப்பிட வேண்டும் என்கிறார். சாப்பிடும்போது வேறெதையும் பார்க்கக் கூடாதாம்! (இன்றைக்கு இருந்தால் போனைத்தான் சொல்லியிருப்பார்.) யாருக்கு முதலில் என்பதுதான் அவர் பேச்சு. உங்கள் வீட்டுக்காரர் கேட்பதும் அதைத்தான்.

ஆனால் நாத்தனார் அலட்சியமாகத்தான் செய்தார் என்று முடிவு கட்டாதீர்கள். கூடப்பிறந்த அண்ணனைத் தனியாக வேறு கூப்பிட வேண்டுமா என்ற உரிமையாகவும் இருக்கலாம். இன்றைக்கே அவருக்கு நீங்கள் போன் போடுங்கள். குறை சொல்ல வேண்டாம். "அண்ணன் உன் வாயால ஒரு வார்த்தை எதிர்பார்க்குது" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் அண்ணனிடம் நேரடியாகப் பேசட்டும். வாய்ஸ் மெசேஜ் உதவாது.

பேசவில்லை என்றால்? அப்போதும் போங்கள் என்பேன். விவரம் தெரிந்த வயதில் பிள்ளைகள் ஆல்பத்தைப் புரட்டி, "மாமா எங்கே?" என்று கேட்பார்கள். வெற்றிலை பாக்கு வைக்காத கதை அவர்களுக்கு எதற்கு? தங்கையோடு சண்டையை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று. போனில் வரும் பத்திரிகையை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. கீழே 'தாய்மாமன்' என்று போட்டு அவர் பெயர் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இருந்தால், நாத்தனாருக்குப் போன் போடும் முன் அதை அவரிடம் காட்டுங்கள்.