பிரிலிம்ஸுக்கும் தமிழ் வேண்டும்

குடிமைப் பணித் தேர்வு முடிவு வெளியாகிறபோதெல்லாம் வென்றவர்களின் பேட்டிகளும் வெளியாகும். தினமும் எத்தனை மணி நேரம் படித்தீர்கள், எந்தப் பயிற்சி மையம், கைப்பேசியை ஒதுக்கி வைத்தீர்களா என்று கேள்விகள் நீளும். எந்த மொழியில் கேள்வியைப் படித்தீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டு இந்தத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு முதல் சிக்கலே அதுதான்.

2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர். ஜூன் 16 அன்று பிரிலிம்ஸ் எனப்படும் முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,83,213 பேர். மெயின்ஸ் எனப்படும் முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 14,627. நேர்முகத் தேர்வுக்கு 2,845 பேர் போனார்கள். 1,009 பேர் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தார்கள். நேர்முகத்தில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் தேறுகிறார். மெயின்ஸில் ஐவரில் ஒருவர். பிரிலிம்ஸிலோ நாற்பது பேரில் ஒருவர்தான்.

மெயின்ஸ் எழுதும்போது கட்டுரைத் தாளையும் பொது அறிவுத் தாள்களையும் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் எழுதலாம். அப்படித் தமிழில் எழுதியவர் நேர்முகத் தேர்வையும் தமிழிலேயே சந்திக்கலாம். கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979இல் தேர்வுமுறை மாறியபோது கிடைத்த உரிமை இது. அதற்கும் முன்பாக, உயர் பணித் தேர்வுகளுக்கு எட்டாவது அட்டவணை மொழிகளை எல்லாம் அனுமதிக்க வேண்டும் என்று 1968 ஜனவரியிலேயே ஆட்சிமொழித் தீர்மானத்தில் நாடாளுமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வினாத்தாள் இன்றுவரை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகிறது. அதாவது, மிக அதிகம் பேர் கழிக்கப்படுகிற முதல் சுற்றில் தமிழுக்கு இடமே இல்லை.

இதை வெறும் உணர்ச்சிப் பிரச்சினை என்று ஒதுக்குகிறவர்கள் பொது அறிவுத் தாளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். இரண்டு மணி நேரத்தில் 100 கேள்விகள். ஒரு கேள்விக்கு 72 விநாடி. மூன்று நான்கு கூற்றுகளைக் கொடுத்து, அவற்றில் எத்தனை சரி என்று கேட்கும் வகை 2023இல் ஏராளமாக வந்தது. ஒரு கூற்றைத் தப்பாகப் புரிந்துகொண்டாலும் விடை போச்சு. கூடவே மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணும் கழியும். பிரிலிம்ஸின் இரண்டாவது தாளான சி-சாட் எனும் திறனறித் தாளின் நிலைமை இன்னும் மோசம். நீண்ட பத்திகளைப் படித்துப் பொருள் கொள்ள வேண்டும். அதில் 33 சதவீதம் எடுக்காவிட்டால் பொது அறிவில் எவ்வளவு எடுத்திருந்தாலும் பயனில்லை. அதே பத்தியை இந்தி மாணவர் தம் மொழியில் படிக்கிறார். அந்த வசதியில் தவறில்லை. அது ஒரு மொழியோடு நின்றுபோனதுதான் தவறு. 2014இல் டெல்லி முகர்ஜி நகரில் இந்திவழி மாணவர்கள் சி-சாட்டை எதிர்த்துப் போராடியபோது மத்திய அரசு இறங்கிவந்தது. 2015 முதல் அது வெறும் தகுதித் தாளானது. தமிழ், தெலுங்கு, வங்காள மாணவர்கள் கையில் இருக்கும் வினாத்தாளோ மாறவில்லை.

ஆங்கிலம் தெரியாமல் எப்படி மாவட்டத்தை நிர்வகிப்பது என்று கேட்பார்கள். ஆங்கிலம் வேண்டாம் என்று யார் சொன்னது? அதைச் சோதிக்க மெயின்ஸில் 300 மதிப்பெண்ணுக்குத் தனித்தாளே இருக்கிறது. 25 சதவீதம் எடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்படும் பிகார்க்காரர் பணியில் சேர்ந்த பிறகுதான் தமிழ் படிக்கிறார். அவருக்குக் காட்டும் பொறுமையில் கொஞ்சம் இங்கேயும் காட்டலாம்.

மொழிபெயர்ப்பு கடினம், ரகசியம் காக்க முடியாது என்ற வாதமும் நிற்காது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் நீட் தேர்வு தமிழ் உட்பட 13 மொழிகளில் நடக்கிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வும் 2024 ஜனவரி முதல் இந்தி, ஆங்கிலத்தோடு தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடத்தப்படுகிறது. காவலராக விரும்புகிறவர் கேள்வியைத் தமிழில் படிக்கலாம், காவல் கண்காணிப்பாளராக விரும்புகிறவர் படிக்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

டெல்லியை மட்டும் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது. என்சிஇஆர்டி பாடநூல்கள் இந்தி, ஆங்கிலம், உருதுவில் வருகின்றன; தமிழில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது நாம்தான். ‘நான் முதல்வன்’ திட்டத்தில் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் கொடுப்பது நல்ல காரியம். அந்தப் பணம் அண்ணா நகர் விடுதி வாடகைக்கும் மெஸ் சாப்பாட்டுக்கும் உதவும். அதை வைத்துக்கொண்டு தமிழில் படிக்கத் தரமான பொருளாதார நூலையோ சுற்றுச்சூழல் நூலையோ வாங்கலாம் என்றால், அவை அரிதாகவே கிடைக்கின்றன. 1970களில் கல்லூரிப் பாடங்களுக்குத் தமிழில் வரிசையாக நூல்கள் கொண்டுவந்தது தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம். அந்த வேலையைப் புதிய பாடத்திட்டத்துக்கு ஏற்பத் திரும்பத் தொடங்குவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

2013 மார்ச்சில், மாநில மொழிகளில் மெயின்ஸ் எழுதுவதற்கே, இந்தத் தேர்வை நடத்தும் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் கட்டுப்பாடு விதித்தது. நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு கிளம்பியதும் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அன்று கட்சி பார்க்காமல் எழுந்த குரல் இப்போது வினாத்தாளுக்காக எழ வேண்டும். 22 மொழிகளையும் ஒரே ஆண்டில் கொண்டுவர முடியாது என்றால் சி-சாட் தாளிலிருந்து தொடங்கட்டும். அடுத்த தேர்வு அறிவிக்கைக்கு முன்பே தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் புதுச்சேரி உறுப்பினரும் இந்தக் கோரிக்கையை ஒரே மனுவாக எழுதி, தேர்வாணையத்திடமும் பிரதமரிடமும் கொடுக்க வேண்டும்.